அடக்கம் என்று ஒரு பச்சைச் சீட்டு

போன மாதம் திவ்யா போன் செய்தாள். பாலக்காட்டில் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் பெண்கள் ரெடிமேட் பிரிவு இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. கடை இனி ஆன்லைனிலும் விற்கப் போகிறதாம். அதற்கான பக்கத்தைத் தயாரிக்கிறவர்கள், முழுக்கை வைத்தது, நீள டாப் எல்லாவற்றையும் ‘மாடஸ்ட்’, அதாவது அடக்கமான உடை, என்று ஒரு தலைப்பில் போடலாம் என்கிறார்களாம்.

“போடலாமா வேண்டாமா அக்கா? நீங்க இருந்தப்ப இதுல ஏதோ நடந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. என்னன்னு யாருக்கும் சரியாத் தெரியல” என்றாள்.

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்ததும் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் சின்ன மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் நான் அந்தக் கடையில் சேர்ந்தேன். முதலாளி குடும்பம் எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். முதல் மூன்று மாதம் மடிக்க மட்டும்தான் விட்டார்கள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போனதை மடித்து, மடித்ததை அடுக்கி, அடுக்கினதை மறுபடி பிரித்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நாலாவது மாதம் கவுண்டருக்கு வந்தேன். அங்கிருந்து தளப் பொறுப்புக்கு வரப் பதினாறு வருஷம் ஆயிற்று.

எங்கள் மாடிக்கு மேனேஜர் விஸ்வநாதன் சார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். ஒன்பது இருபதுக்கு நெற்றியில் விபூதியோடு படியேறி வருவார். சட்டைக் கையை இரண்டே மடிப்பு மடித்துக்கொண்டு, “புது லாட் வந்திருக்கா?” என்று கேட்பார். வந்திருந்தால் அன்றைக்குக் கடை திறக்கும் முன் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை எடுத்து மேசையில் விரிக்க வேண்டும். தோளிலிருந்து கீழ் ஓரம் வரை எத்தனை அங்குலம், கை எத்தனை, முன் கழுத்து இறக்கம் எத்தனை, பின் கழுத்து எத்தனை, பக்கத்து வெட்டு இடுப்பிலிருந்து எவ்வளவு கீழே தொடங்குகிறது, லைனிங் உண்டா, முழுசா பாதியா. அவர் அளந்து சொல்லச் சொல்ல நான் ஒரு நீள நோட்டில் எழுதுவேன். கடைசியாக, உடுப்புக்குள் என் கையை விட்டு டியூப் லைட்டுக்கு நேராகப் பிடிக்கச் சொல்வார்.

“விரல் தெரியறதா?”

“லேசாத் தெரியுது சார்.”

“லேசான்னா எனக்குப் புரியலை நூர்ஜஹான். மோதிரம் தெரியறதா?”

“தெரியுது சார்.”

“மோதிரம் தெரியறதுன்னு எழுதுங்கோ.”

இதில் பாதிப் பெண்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் கவுண்டரில் நிற்கும்போதுதான் அந்த நோட்டின் அருமை தெரிந்தது. துணி எடுக்க வருகிற பெண்கள் மனதில் இருப்பதை அப்படியே கேட்கமாட்டார்கள். “கொஞ்சம் அடக்கமா” என்று ஒருத்தி கேட்பாள். “எங்க ஊட்டுக்குத் தகுந்த மாதிரி” என்பாள் இன்னொருத்தி. “ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போறதுக்கு” என்று டீச்சர்கள் கேட்பார்கள். “உள்ள தெரியாதில்ல?” என்பதை மட்டும் எல்லோரும், எந்தச் சாதியானாலும் மதமானாலும், ஒரே மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் அதையெல்லாம் அங்குலமாக மாற்றிக்கொள்வேன். “கை மணிக்கட்டு வரைக்கும் வேணுங்களா, முழங்கைக்குக் கீழ நின்னாப் போதுங்களா?” என்று கேட்டால் அவர்கள் முகம் தெளிந்துவிடும். விஸ்வநாதன் சார் விதித்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வருகிறவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, துணியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உங்களுக்கு இதுதான் எடுப்பாக இருக்கும், உங்க வயசுக்கு இது சரி என்றெல்லாம் நாங்கள் சொல்லிவிட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. யாரையும் பாராட்ட மாட்டார். பெருநாளுக்கு முந்தின நாள்கூடப் பத்து நிமிஷம் முன்னதாக விடமாட்டார்.

இடையில் ஒரு தடவை என்னை இடுக்கிக்கு அனுப்பினார்கள். முதலாளியின் மருமகன் சாந்தன்பாறையில் சின்னதாக ஒரு கடை போட்டார். பெண்கள் பகுதியை ஒழுங்குபடுத்திக் கொடுக்க இரண்டு மாதம் போய் இருந்தேன். ஏலக்காட்டில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். பேச்சியம்மாள் என்று ஒருத்தி முதல் வாரமே வந்து, கழுத்தை மூடி, கை நீளமாக, கெட்டித் துணியில் டாப் வேண்டும் என்றாள். எங்கள் ஊர் வழக்கத்தில் நான் ஏதோ புரிந்துகொண்டு, பர்தாவுக்குள் போடுகிற மாதிரி தளர்வாக நாலைந்து எடுத்துப் போட்டேன். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“எதுக்குக்கா இம்புட்டு தொளதொளன்னு? செடியில மாட்டிக் கிழிஞ்சிரும்லா. கொசு கடிச்சுப் புடுங்குது, கீழ அட்டை ஏறுது. அதுக்குத்தான் கை நீளமாக் கேக்கேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போட இன்னொண்ணு வேணும். அதுக்குக் கை சின்னதா இருக்கட்டும்.”

ஒரே பெண் ஒரே நாளில் இரண்டு விதமாகக் கேட்டாள். இரண்டுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நான் ஊகித்தது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து எதற்கு என்று ஊகிப்பதை விட்டேன்.

சில வருஷங்கள் கழித்து முதலாளியின் மகன் துபாயிலிருந்து வந்து கடையை ஏற்றுக்கொண்டார். நாங்கள் சின்ன முதலாளி என்போம். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. அங்கே பெரிய கடைகளில் ‘மாடஸ்ட்’ என்று தனிப் பகுதியே இருக்கிறது, பிரமாதமாக விற்கிறது என்றார். எங்கள் மாடியின் தெற்குப் பக்கத்தை அதற்கு ஒதுக்கினார். இங்கிலீஷ், மலையாளம், தமிழ் என்று மூன்று மொழியில் பச்சைப் போர்டு. தமிழில் ‘அடக்கமான உடைகள்’ என்று இருந்தது. அந்தப் பக்கத்துத் துணிகளின் விலை அட்டையில் ‘அடக்கம்’ என்று அச்சடித்த வட்டமான ஒரு பச்சைச் சீட்டு ஒட்டச் சொன்னார்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் தலையில் முக்காடு போடுகிறவள், சின்ன வயதிலிருந்து முழுக்கை. எனக்கென்று கடையில் ஒரு மூலை கிடைத்த மாதிரி இருந்தது. நர்சிங் படிக்கிற ஒரு பெண், யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக அங்கே போய் மூன்று டாப் எடுத்து வந்து, “ஆன்ட்டி, இனிமே கடை அண்ணன்மாருகிட்ட ‘கை நீளமா இருக்கா’ன்னு கூச்சப்பட்டுட்டுக் கேக்க வேண்டாமில்ல” என்றாள். அவள் சொன்னது நியாயம். இப்போதும் நியாயம்தான்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பெண்டாட்டியோடு வருகிற ஆண்கள் மாடிப்படி ஏறியதும் போர்டைப் படித்துவிட்டு, “அந்தப் பக்கம் போ” என்று கையைக் காட்டினார்கள். அதுவரை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள். ஒரு நாள் எங்களிடம் வழக்கமாக எடுக்கும் ஒரு டீச்சர், வடக்குப் பக்கம் நின்று அரைக்கை குர்தி ஒன்றைப் பிடித்தபடி, “அப்ப இந்தப் பக்கம் இருக்கறதுக்கு என்ன பேரு நூர்ஜக்கா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

கவிதா வந்தது அதற்கடுத்த கல்யாண சீசனில்.

நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் பண்ணுகிற குடும்பத்துப் பெண். கிருஷி பவனில், அதாவது அரசு வேளாண்மை அலுவலகத்தில், வேலை. நிச்சயம் ஆகிவிட்டது, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அவளும், அவள் அம்மாவும், மாப்பிள்ளையின் அக்கா சுமதியும் வந்தார்கள். சுமதிக்கு நாற்பது வயது இருக்கும். சேலைதான், மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை. பட்டுச்சேலை எல்லாம் கீழே எடுத்து முடித்து, வேலைக்குப் போட்டுக்கொள்ளச் சுடிதார் எடுக்க மேலே வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுச் செலவு.

கவிதா வடக்குப் பக்கம் போய், கால்மணி நேரத்தில் அரக்குக் கலரில் ஒரு பருத்தி டாப் எடுத்தாள். முக்கால் கை, வட்டக் கழுத்து, முழங்காலுக்குக் கீழே வரும். தோளில் வைத்துப் பார்த்தபோது அவள் முகமே மாறிவிட்டது. அவள் அம்மா, “லட்சணமா இருக்குது அம்மிணி” என்றார்.

சுமதி விலை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது. ஆனா பச்சைச் சீட்டு இல்லீங்களே?” என்று என்னைப் பார்த்தாள். “எங்கம்மா போன்லயே சொல்லிட்டாங்க, சீட்டுப் போட்டதாப் பாத்து எடுன்னு. பக்கத்து ஊட்டுல அப்படித்தான் எடுத்தாங்களாமா.”

“அண்ணி, அந்தப் பக்கம் இருக்கறதும் இதும் ஒரே நீளந்தானுங்க. வெச்சுப் பாருங்க” என்றாள் கவிதா.

“நீளம் எனக்குத் தெரியுது கண்ணு. எங்கம்மா கேக்கறது சீட்டைத்தான்.”

“சீட்டு இல்லாததை எடுத்தா நான் யாருங்க அண்ணி?”

கவிதாவின் அம்மா மகளின் முழங்கையைப் பிடித்து, “விடு அம்மிணி, அங்கயே ஒண்ணு எடுத்துக்கலாம், நெறைய இருக்குது” என்று மெதுவாக இழுத்தார். கவிதா நகரவில்லை. டாப்பை மடித்துக் கவுண்டரில் வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை.

“அம்மா, நான் ஆபீசுக்கு இத்தனை நாளும் போட்டுட்டுப் போனதுல ஒண்ணுலயும் சீட்டு இல்ல. என்மேல சீட்டு ஒட்டித்தான் அவங்க ஊட்டுக்குள்ள வரணும்னா, இப்பவே பேசிக்கலாம். கல்யாணத்துக்கு அப்புறம் பேசறதுக்கு இப்பப் பேசறது நல்லதுதானுங்களே அண்ணி?”

அவள் அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து கவுண்டரில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் நடக்க வேண்டிய ஒரு கல்யாணம் என் கவுண்டர்மேல் ஒரு டாப்பாக மடிந்து கிடந்தது. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். கை சும்மா இருக்கவில்லை.

“ஒரு நிமிஷம் இருங்க, ஸ்டாக்குல பாத்துட்டு வர்றேன்” என்று டாப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். சீட்டுச் சுருள் அலமாரியில்தான் இருந்தது. ஒன்றை உரித்து அட்டையில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

“இது அந்தப் பக்கத்துத் துணிதானுங்க. பசங்க மாத்தி மாட்டிட்டாங்க. வேற பீஸ் கொண்டு வந்திருக்கேன், இதுல சீட்டு இருக்கு.”

சுமதி அட்டையை வாங்கிச் சீட்டின்மேல் விரலை ஓட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்பச் சரிங்க” என்றாள். கவிதாவின் அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பில் போடப் போனார்கள்.

கவிதா மட்டும் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கமாகக் குனிந்து, “எனக்குச் சீட்டு வேண்டாம்னுதானுங்க்கா சொன்னேன்” என்றுவிட்டுப் போனாள்.

அன்று மதியம் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று என்னையே நான் சமாதானப்படுத்திப் பார்த்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பெண் தன் வாழ்க்கையில் முக்கியமான ஒன்றை அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் வருவதற்குள் நான் பசை போட்டு அடைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு விஸ்வநாதன் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

“அந்த மாடல்ல இன்னும் பீஸ் இருக்கா?”

“இருக்கு சார்.”

“ரெண்டு பக்கமும் தேடி எடுத்துண்டு வாங்கோ.”

தேடினேன். நான் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தது பாதி நிஜமாகிவிட்டது. அதே அரக்கு டாப், அதே லாட், தெற்குப் பக்கத்தில் பச்சைச் சீட்டோடு மூன்று தொங்கியது. வடக்கே சீட்டில்லாமல் இரண்டு. இடம் போதாததால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். விஸ்வநாதன் சார் சீட்டுள்ளதில் ஒன்று, இல்லாததில் ஒன்று என்று எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, தோளிலிருந்து ஓரம் வரை அளந்தார். கை அளந்தார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சின்ன முதலாளி அறைக்கு நடந்தார். என்னையும் வரச் சொன்னார்.

“தம்பி, இது அடக்கம். இது இல்லை. ஏன்னு நீங்க எனக்குச் சொல்லணும். எனக்கு லாட் நம்பர் ஒண்ணுன்னு மட்டும்தான் தெரியறது.”

சின்ன முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “மாட்டுனதுல தப்பு நடந்திருக்கும் சார். அதுக்காகப் போர்டை எடுக்க முடியுமா? விக்குதில்ல?”

“விக்கறது. நான் இல்லைன்னு சொல்லலையே. துணிக்கு என்ன பேரு வேணாலும் வையுங்கோ. அதைப் போட்டுக்கறவாளுக்கும் சேர்த்து நாம பேரு வெச்சுட்டோம்.”

சின்ன முதலாளி என் பக்கம் திரும்பினார். “நூர்ஜக்கா, நீங்க சொல்லுங்க. நீங்களே முக்காடு போடறவங்க. உங்களுக்கு அந்தப் போர்டு பிடிக்கலையா?”

“பிடிச்சுதுங்க தம்பி. ஆனா நான் எதுக்கு முக்காடு போடறேன்னு எனக்குத் தெரியும். கடை அதுக்குச் சர்டிபிகேட் குடுக்க வேண்டாம். போடாத பொண்ணுக்கும் குடுக்க வேண்டாம்.” இன்னொன்றும் சொன்னேன். “இடத்தை எடுத்துராதீங்க. முழுக்கை தேடி வர்றவங்களுக்கு அந்த இடம் வேணும். பேரை மட்டும் எடுங்க. நோட்டுல இருக்கற அளவை அட்டையில எழுதி மாட்டிரலாம்.”

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் நாங்கள் வரும்போது பச்சைப் போர்டு இறக்கப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. ‘முழுக்கை, முக்கால் கை, நீள டாப், லைனிங் உள்ளவை’ என்று புதிதாக ஒன்று எழுதக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் நாங்கள் ஆறு பேரும் டேப்பும் கையுமாக அலைந்தோம். ஒவ்வொரு டாப்பிலும் ஒரு வெள்ளை அட்டை: நீளம், கை, கழுத்து, வெட்டு, லைனிங். மாடி முழுக்க, இரண்டு பக்கமும்.

எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்லமாட்டேன். அந்த நர்சிங் பெண் வந்து, “ஆன்ட்டி, பச்சைச் சீட்டு எங்க? பாத்ததும் எடுக்கலாம், இப்ப நம்பர் படிக்க வேண்டியிருக்கு” என்று முகத்தைச் சுளித்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன செய்ய? முழுக்கை இப்போதும் தெற்கு மூலையில்தான் இருக்கிறது என்று காட்டினேன். ஆண்கள் திரும்பவும் நாற்காலிக்குப் போனார்கள்.

கவிதாவின் கல்யாணம் நடந்ததா என்று எனக்கு வெகுநாள் தெரியாது. கேட்கவும் வழியில்லை. விஸ்வநாதன் சார் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. வருஷம் இரண்டு ஓடியது. ஒரு புதன்கிழமை, கூட்டமில்லாத பதினோரு மணி வாக்கில், சுமதி தனியாக மாடியேறி வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“என்னைத் தெரியுதுங்களா? கவிதாவோட நாத்தனாருங்க.”

“கல்யாணம்…” என்று இழுத்தேன்.

“அதெல்லாம் ஜம்முன்னு நடந்துச்சுங்க. இப்ப ஒரு வயசுல பையன் இருக்கறான். அவதான் என்னை இங்க அனுப்புனா.” அவள் கவுண்டரில் கையூன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கு அந்தச் சீட்டு நீங்க ஒட்டுனதுதானுங்களே?”

நான் மேசையில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டினேன்.

“எனக்கு அப்பவே தெரியுமுங்க. விரலு வெச்சதும் ஓரம் நழுவுச்சு. அதும் தலைகீழா ஒட்டியிருந்தீங்க.”

“தெரிஞ்சும் எப்படிங்க…”

“எங்கம்மாளுக்கு ஒரு பதில் சொல்லோணுமில்லீங்க. கவிதா கேட்டது எனக்குப் புரியாமயா இருந்துச்சு? என்னால கேக்க முடியாததை அவ கேட்டா. அதுக்கு நான் என்னன்னுங்க சொல்றது? நீங்க சீட்டை நீட்டுனீங்க, பேச்சை முடிச்சுட்டேன்.” சிரித்தாள். “ஆனா அவ ஊட்டுக்கு வந்த அன்னைக்கே சீட்டை உரிச்சு, எங்கம்மா கையிலயே குடுத்துட்டா. இது வேண்டாமுங்க அத்தை, துணி மட்டும் போதும்னு.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“துணியத் தடவிப் பாத்துட்டு, கலர் போகுமான்னு கேட்டாங்க. அவ்வளவுதானுங்க. அதுக்கா அன்னைக்கு அத்தனை பயந்தேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.”

நான் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு எடுக்கோணுமுங்க. சுடிதார் போட்டதே இல்ல, சேலைதான்” என்றாள். வடக்கு, தெற்கு என்று பார்க்காமல் இருபக்கமும் நடந்தாள். ஒவ்வொரு அட்டையையும் எடுத்துப் படித்தாள். அவசரமே படவில்லை. கடைசியில் மாம்பழ மஞ்சளில் ஒரு டாப்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

“கை பதினொண்ணுன்னு போட்டிருக்குது. பதினொண்ணுன்னா எதுவரைக்குமுங்க வரும்?”

அவள் ரவிக்கைக் கை மணிக்கட்டுவரை மூடியிருந்தது. அதன்மேலேயே தோளிலிருந்து டேப்பை வைத்து, முழங்கை மடியும் இடத்தில் விரலால் தொட்டேன்.

“இதுவரைக்குங்க.”

சுமதி அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு கையை ஒரு தடவை மடக்கி நீட்டினாள்.

“போதுமுங்க” என்றாள். “பில் போடுங்க.”